தோடியை ஆமோதித்தவர்

நம் ஊர்ச் சபாக்களில் ‘அதேதான்’ ஆசாமி என்றொரு வகை உண்டு. பாடகர் ஆலாபனையைத் தொடங்கியதும் கண்ணைப் பாதி மூடி, தலையை எந்த ராகத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஆட்டிக்கொண்டு, முன்வரிசையில் யாராவது ராகத்தின் பெயரை முணுமுணுக்கும் வரை பொறுத்திருந்து, முணுமுணுத்த மறுகணம் தொடையில் ஓர் அடி அடித்து, “அதேதான்! நான் அப்பவே புடிச்சிட்டேன்” என்பார். யாருமே முணுமுணுக்காவிட்டால்? “இருங்க, இன்னொரு சஞ்சாரம் வரட்டும்.”

அறுபதைத் தொட்ட மூலக்குளம் கிருஷ்ணசாமி இந்த வகையில் முதல் தரம். இருபது வருஷமாக ஒரு ராகத்தைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. முதலில் சொன்னால்தானே தப்பாகும்!

2007இல் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில், கம்ப்யூட்டருக்குப் பாட்டுக் கேட்கச் சொல்லிக்கொடுப்பது பற்றி ஆராய்ச்சிக் கருத்தரங்கம் நடந்தது. இசை தெரிந்தவர் ஒருவர் வேண்டுமென்று இவரைப் பிடித்து, பேராசிரியை ராஜாம்பாளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆராய்ச்சி மாணவி சுமலதா, ராகத்தின் பெயரைச் சொல்லும் தன் புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். அது சரியாக வந்தால்தான் ஆராய்ச்சியை முடிக்க ராஜாம்பாள் இன்னும் ஒரு வருஷம் கொடுப்பார். பாவம், அந்தப் பெண்ணுக்குக் காலையிலிருந்து இட்லிகூட இறங்கவில்லை.

மைக்கை லேப்டாப்பில் செருகிவிட்டு, பாட்டு இருந்த சிடியைப் பைக்குள் தேடிக்கொண்டிருந்தாள். திரையில் பெரிய எழுத்தில் ‘தோடி’ என்று வந்தது.

தொடையில் ஓர் அடி விழுந்தது. “அதேதான்! என்னா சுத்தமான தோடி! நான் அப்பவே புடிச்சிட்டேன்!”

சுமலதா நிமிர்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“சார்... நான் இன்னும் பாட்டே போடலியே. மைக்கு ஆன்ல இருக்குது. அது ஃபேன் சத்தம்.”

மேலே பழைய ஃபேன் ‘கிர்ர்ர்’ என்று சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் எழுத்து வந்த பிறகு காதுக்கு என்ன வேலை? அரங்கமே சிரித்தது. சுமலதாவுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

ராஜாம்பாள் கேட்டார்: “ஃபேனைத் தோடின்னு சொல்ற மிஷினுக்கு இன்னும் ஒரு வருஷம் எதுக்கும்மா?”

“எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு பேரைச் சொல்லிடுது மேடம். தெரியலன்னா தெரியலன்னு சொல்ல இதுக்கு இன்னும் வரல. அதைக் கத்துக்குடுக்கத்தான் கேக்குறேன்.”

ராஜாம்பாள் பக்கத்து நாற்காலியை ஒருமுறை பார்த்தார். “மனுஷனுக்கே அறுபது வருஷம் பத்தல. நீ ஒரு வருஷத்துல கத்துக்குடுத்துட்டா பெரிய விஷயம்தான்” என்று சொல்லி அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சுமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“அதேதான்!” என்றார் கிருஷ்ணசாமி.

சிரிக்கிறீர்கள், சரி. மேலே ‘சஞ்சாரம்’ என்று எழுதினேனே, அப்படியென்றால் என்னவென்று நீங்கள் கேட்கவில்லையே? தெரிந்தமாதிரி தலையை ஆட்டிவிட்டுத்தானே தாண்டி வந்தீர்கள்?

எனக்குத் தெரியுமா என்கிறீர்களா? இருங்கள், முதலில் பக்கத்தில் யாராவது சொல்லட்டும்.