தாம்பாளத்தில் பதினோரு பாட்டில்

பெண் பார்க்கப் போன வீட்டில் கால்சட்டையைப் பறிகொடுத்த மாப்பிள்ளை காரைக்கால் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து கையைத் தூக்கவும். இத்தனை வருடமாக இந்தப் பட்டத்தைத் தனியாளாகச் சுமந்து எனக்கு அலுத்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. கோவில்பத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய், ஓர் அலுவலகத்தில் வரும் தபால்களுக்கு எண் போடும் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு அரசலாற்றங்கரைக்குப் போய்விடுவேன். மீன் பிடிக்க என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் தூண்டிலில் மாட்டியவை ரப்பர் செருப்பு, பனியன், ஒரு தடவை அரிக்கேன் விளக்கின் அடிப்பாகம். கெளுத்தி ஒன்றும் மாட்டியது. அது கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு நழுவிவிட்டது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. புதுச்சேரியைச் சேர்ந்த எங்கள் ஊரில் அந்தத் தொந்தரவு இல்லை. அதனால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்து தாகம் தீர்த்துக்கொள்கிறவர்கள், காற்றாட ஆற்றங்கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டு, பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். (சிலர் தங்களையும் அங்கேயே போட்டுக்கொள்வார்கள். மாலையில் எழுந்து போய்விடுவார்கள்.) உடைந்த கண்ணாடி ஒன்று என் குதிகாலைக் கிழித்து நான்கு தையல் போட்டதிலிருந்து, தூண்டில் போடும் இடத்தை முதலில் சுத்தம் செய்வது என்று ஒரு பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஒரு மஞ்சள் துணிப்பை நிறைய பாட்டில், அறுந்து கிடக்கும் நைலான் நரம்பு, துருப்பிடித்த முள் எல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்ப் பழைய சாமான் கடையில் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

"ஆபீசுல உக்காந்து எழுதுறவன் ஆத்துல குப்ப பொறுக்குறான். ஒனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்பார் அம்மா.

கொடுக்க ஒருவர் முன்வந்தார். காரைக்கால் டவுனில், ஆற்றுக்குப் பத்து நிமிட நடையில் வீடு. பெண் பெயர் பிலோமினா. கோவிலில் பாடல் குழுவில் அவளை இரண்டு தடவை பார்த்திருந்தேன். இரண்டாம் தடவை பார்த்ததிலிருந்து தபால்களுக்குத் தப்புத் தப்பாக எண் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணையே பேசி வைத்தார்கள் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் பெண்ணின் அம்மா கறார் பேர்வழி. மாப்பிள்ளை ஒரு சொட்டுக் குடிப்பவனாக இருக்கக்கூடாது என்பது ஒன்றே அவர் நிபந்தனை. வாசலிலேயே மோப்பம் பிடித்து இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர் என்று கேள்வி.

அம்மா எனக்கு இரண்டு உத்தரவு போட்டார். "பெரியவங்க முன்னாடி பாக்கெட்டுல கைய விட்டுக்கிட்டு நிக்காத. அந்தப் பொண்ணோட தாய்மாமன் நெரவியில இருக்காரு, அவரப் பத்திப் பேச்சே எடுக்காத. ஒம்போது வருசமா போக்குவரத்து இல்ல. ஏதோ திருட்டுப் பழி."

நாலு மணிக்குப் பெண் பார்ப்பு. அப்பா, அம்மா, தங்கை மூவரும் பழம், பூ எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவதாகவும், நான் சைக்கிளில் நேராகப் போவதாகவும் ஏற்பாடு. புதிதாகத் தைத்த பெல்பாட்டம். இரண்டு மணிக்கே மாட்டிக்கொண்டுவிட்டேன். கசங்கிவிடும் என்று அம்மா உட்காரவே விடவில்லை. நின்று நின்று படபடப்பு அதிகமாகி, ஆற்றங்காற்று வாங்கினால் சரியாகும் என்று கிளம்பிப் போனேன். புத்தி இருக்கிறவன் பாலத்தின் மேலேயே நின்றிருப்பான்.

ஆறு நன்றாக வற்றியிருந்தது. நான் வழக்கமாக உட்காரும் ஒதியமரத்தடியில் யாரோ அப்போதுதான் பந்தி முடித்துப் போயிருந்தார்கள். பதினோரு பாட்டில். விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. பெல்பாட்டத்தை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, சைக்கிளில் எப்போதும் கிடக்கும் மஞ்சள் பையை எடுத்துப் பொறுக்கினேன். கடைசி பாட்டில் மரத்து வேரடியில் சேற்றில் செருகியிருந்தது. அதை இழுத்தபோது கூடவே பழைய நரம்புச் சிக்கல் ஒன்று வந்தது. அதன் நுனியில் ஏதோ மின்னியது.

காம்பில்லாத சின்னக் கரண்டி போல ஒரு வெள்ளைத் தகடு. ஒரு முனையில் மூன்று கொக்கியுள்ள முள். மீனை ஏமாற்றத் தண்ணீருக்குள் சுழலவிடும் பொய் இரை அது. நம் ஊர்க் கடைகளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. சேற்றைத் துடைத்ததும் அடியில் ஆணியால் கீறிய ஒரு சின்னச் சிலுவை தெரிந்தது. பெண் பார்க்கப் போகிற நாளில் சிலுவை கிடைத்தது நல்ல சகுனம் என்று நினைத்து, கைக்குட்டையில் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். (இப்படியெல்லாம் யோசிக்கிறவனுக்குத்தான் நான்கு தையலும் போட்டிருந்தது.)

பழைய சாமான் கடை அன்றைக்கென்று பார்த்து மூடியிருந்தது. மணி நாலு அடித்துவிட்டது. பையை ஹாண்டில்பாரில் மாட்டியபடியே பெண் வீட்டுக்குப் போனேன். சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனால், எங்கள் வீட்டார் வந்து சேரவில்லை. பஸ் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பெண்ணின் அப்பா வரவேற்றார். பிரெஞ்சுக் கப்பலில் சமையற்காரராக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மீசை இரண்டு பக்கமும் முறுக்கேறி நின்றது. தூண்டில் பைத்தியம் என்று பேச்சுக் கொடுத்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எனக்கு ஒரே குஷி. தெரிந்த விஷயம், பிழைத்துக்கொள்ளலாம் என்று கால் மேல் கால் போடாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பெண்ணின் அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் பழம் கொண்டுவருவது முறை. மஞ்சள் பை கனமாகச் சைக்கிளில் தொங்கியது. அவர் வேறென்ன நினைப்பார்?

"என்ன தம்பி, கொண்டாந்தத வெளியவே வச்சிட்டீங்க" என்று கேட்டபடி, நான் எழுவதற்குள் பையை எடுத்துவந்து, கூடத்தில் இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் தயாராக வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தில் கவிழ்த்துவிட்டார்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பதினோரு பாட்டிலும் தாம்பாளத்தில் உருண்டன. ஒன்று மட்டும் தப்பித்து உருண்டுபோய் அவர் காலடியில் நின்றது. அதில் அடியில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. வாடை கூடம் முழுக்கப் பரவியது.

அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நடந்தே போயிருவீங்களா, யாராச்சும் கொண்டுபோய் விடணுமா?" என்றார்.

"அத்தை, நான் குடிக்கிறதே இல்ல. இதெல்லாம் ஆத்தங்கரையில பொறுக்கினது."

"பொண்ணு பாக்க வர்றப்பவா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் என்னிடம் ஆதாரம் இருந்தது. ஆற்றிலிருந்து எடுத்த பொய் இரையைக் காட்டினால் நம்புவார்கள் என்று எழுந்து நின்று பாக்கெட்டுக்குள் கையை வேகமாக விட்டேன். கைக்குட்டை எப்போதோ அவிழ்ந்திருக்கிறது. ஒரு முள் பாக்கெட் துணியில் ஏறியிருந்தது. இன்னொரு முள் என் கட்டைவிரலில் ஏறியது.

பெண்ணின் அப்பாவின் மீசை துடித்தது. "பெரியவங்க எதிர்க்க நின்னு பேசுறப்ப பாக்கெட்டுலேர்ந்து கைய எடுங்க தம்பி."

"எடுக்க முடியல மாமா."

"எடுக்க முடியலியா, எடுக்க மாட்டீங்களா?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பெல்பாட்டத்தின் தொடைப் பக்கம் சிவப்பாக ஊறுவதை முதலில் பார்த்தது பெண்ணின் அம்மாதான். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் மனுஷி தையல் மெஷினிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து, இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். பாக்கெட் துணி, தகடு, கட்டைவிரல் மூன்றும் ஒரே கொத்தாக வெளியே வந்தன.

மாமா என் விரலைப் பிடித்துத் தூக்கினார். காயத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் தகட்டைத் திருப்பிச் சிலுவையைப் பார்த்தார்.

"இது என் குய்யேர்" என்றார். பிரெஞ்சில் கரண்டி இரைக்கு அதுதான் பெயராம். அந்த ஒற்றை இரையால் முன்பு ஒரு பெரிய கொடுவாவைப் பிடித்தவர் அவர். "இத எவன் குடுத்தான் ஒங்களுக்கு? நெரவியாந்தானே? எம் பொருளத் திருடுனதும் இல்லாம, ஒங்ககிட்ட குடுத்து அனுப்பி நக்கல் பண்றானா?"

பேசவே கூடாத பேச்சு தானாகவே வந்துவிட்டது. நான் ஆற்றில் எடுத்ததாகச் சொல்லச் சொல்ல, அவர் நம்பவே இல்லை. எந்தம்பி திருடன் இல்லை என்று அத்தை ஒரு பக்கம். இந்த விசாரணை முழுவதும் முள் என் விரலிலேயே இருந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்கவும். மாமா தகட்டை ஆட்டி ஆட்டிப் பேசினார். கூடவே நானும் ஆடினேன். போயிற்று, எல்லாம் போயிற்று என்று எனக்கு அழுகையாக வந்தது. விரல் வலியைவிட அதுதான் வலித்தது.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. அழைக்காமல் வெளியே வந்துவிட்டாள் பிலோமினா. பட்டுப்புடவை, கையில் காப்பித் தட்டு இல்லை.

"நெரவி மாமா எடுக்கலப்பா. நாந்தான் எடுத்தேன்."

அவளுக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, அப்பா பென்ஷன் காரியமாகப் புதுச்சேரிக்குப் போயிருந்த நாளில், அவர் பெட்டியிலிருந்து குய்யேரை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிருக்கிறாள். முதல் வீச்சிலேயே வேரில் மாட்டி அறுந்துவிட்டது. "அடிப்பீங்கன்னு சொல்லல. அன்னிக்கு வீட்டுக்கு மாமாதான் வந்துட்டுப் போனாங்க, அதனால அவங்க மேல பழி விழுந்துச்சு. அதுக்கப்பறம் சொல்ல இன்னும் பயம். ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்துலயும் சாமியார்கிட்ட சொன்னேன். வீட்டுலதான் சொல்ல முடியல."

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். "எந்த எடத்துல வீசுன?" என்று கேட்டார்.

"ஒதியமரத்துக்கிட்ட."

"அங்க வேரு கெடக்கும்னு தெரியாது? யாராச்சும் அங்க போயி வீசுவாங்களா?"

ஒன்பது வருடப் பகையைவிட அந்த வீச்சுதான் அவரைப் புண்படுத்தியது போலிருந்தது. அத்தை கத்தரிக்கோலை இன்னும் கீழே வைக்கவில்லை. "வீசுன எடத்தப் பத்தி அப்பறம் பேசிக்கலாம். இப்பவே போயி எந்தம்பிய அழைச்சிட்டு வாங்க. அவன் இந்த வாசப்படி ஏறுனாத்தான் பலகாரம், பேச்சு எல்லாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, அன்று முதல் தடவையாக, "நீங்க உக்காருங்க மாப்ள" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு விரலையும் கொடுத்திருப்பேன்.

மாமா குறடு எடுத்துவந்து முள்ளின் நுனியை நறுக்கி விரலை விடுவித்தார். அப்போது பிலோமினா பக்கத்தில் வந்து, "வலிக்குதா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. இல்லை என்று தலையாட்டினேன். நான் அவளிடம் சொன்ன முதல் பொய் அது.

கிழிந்த பெல்பாட்டத்தோடு நிற்க முடியுமா? மாமா தன் கைலி ஒன்றைக் கொடுத்துவிட்டு, என் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெரவிக்குக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பவும் எங்கள் வீட்டார் ரிக்‌ஷாவில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. அம்மா பழக்கூடையோடு படியேறி உள்ளே பார்த்தார். மாமனார் கைலியில், விரலில் கட்டோடு, தாம்பாளம் நிறைய பிராந்தி பாட்டிலுக்கு முன்னால் மகன் உட்கார்ந்திருக்கிறான்.

"அதுக்குள்ள வீட்டோட மாப்பிள்ளையாவே ஆயிட்டியாடா?" என்றார். பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அத்தை சிரிக்க ஆரம்பித்தவர், விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை நிறுத்தவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மாமா சைக்கிள் மிதித்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். பின்னால் காரியரில், ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலுக்கு வந்த தாய்மாமன். இருவரும் பேசிக்கொண்டு வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மாமாவின் இடுப்பை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். உள்ளே வந்து தாம்பாளத்தைப் பார்த்தார்.

"எனக்காவா அத்தான் இம்புட்டும்?" என்றார். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "காலியாவுல்ல இருக்கு. அதான பாத்தேன், நீங்களாவது வாங்கித் தர்றதாவது."

அத்தை தம்பியின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். மாமா மீசையைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். விரல் வலி என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

கல்யாணத்துக்கு நெரவி மாமா தந்த பரிசு, ரிப்பன் கட்டிய ஒரு காலிக் கோணிப்பை. அது வீணாகவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மாமனாரும் நானுமாக மூன்று பேர் போனோம். பை நிறையாமல் தூண்டில் போடக்கூடாது என்று என் மாமனார் சட்டமே போட்டார். குய்யேரை அவர் மறுபடி தண்ணீரில் இறக்கவில்லை. என் பாக்கெட் துணியோடு சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி என்னவோ பிலோமினாவிடம் இல்லை.

வெகுகாலம் கழித்து எங்கள் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல பையன், வேலையில் இருக்கிறவன், தோளில் ஒரு பையோடு வந்தான். அத்தைக்கு அப்போது காது மந்தம், கண் மட்டும் கூர்மை. நாற்காலியைவிட்டு எழுந்து நேராக அவனிடம் போய்க் கையை நீட்டினார்.

"பையக் குடுங்க தம்பி. பாக்கெட்டுல இருக்குறதயும் எடுத்து வச்சிருங்க. இந்த வீட்டுல அதுதான் முறை."

அந்தப் பையன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். நான் கட்டைவிரலை உயர்த்தித் தழும்பைக் காட்டினேன். அலமாரிப் பக்கத்தில் நின்ற பிலோமினா, காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தாம்பாளத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.