மூக்குக்கு நேரே நின்றவள்

"நில்லு!" என்று விமானத்துக்குள்ளிருந்து மெக்கானிக் தேவன் அலறினான்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் காஞ்சனா அவன் சொன்னதை உடனே கேட்டாள். நின்றாள். சரியாக விமானத்தின் மூக்குக்கு நேரே, கையில் தோசை டப்பாவோடு.

அந்த மூக்குக்குள்தான் வானிலை ராடார் இருக்கும். தூரத்து மேகத்தில் மழையைத் தேடும் கருவி. அது ஓடும்போது எதிரே ஆள் நிற்கக் கூடாது. அப்படிச் சிவப்புப் பெயிண்டில் பலகை எழுதி மாட்டியவனே தேவன்தான். காலையில் வந்ததும் பழக்கதோஷத்தில் சுவிட்சைத் திருகிவிட்டு நிமிர்ந்தால், எதிரே மனைவி. அவளுக்கோ மூன்று மாதம்.

"அங்க நிக்காத! ஓடு!"

"இப்பதானே நிக்கச் சொன்னீங்க?"

சுவிட்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் கீழே குதித்து அவளை இழுத்தான். டப்பா உருண்டு, சட்னி அவன் சட்டையெல்லாம் தெறித்தது.

"என்னங்க ஆச்சு?"

"ராடார் ஓடுது காஞ்சனா... பாப்பா..."

அவள் முகம் வெளுத்தது. "எவ்வளவு நேரம் நின்னேன்?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"நீங்க நில்லுன்னதாலதானே நின்னேன்!"

ஆறுதல் சொல்வார் என்று நம்பி மாமியார் பிரேமாவதிக்குப் போன் செய்தான்.

"ஐயோ மாப்ளே! கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க! அந்த வேலைய இன்னிக்கே விடுங்க. இல்லன்னா பொண்ண நான் செர்டாங்குக்கு நம்ம வீட்டுக்கே அழச்சிக்கிறேன்!"

காஞ்சனா விசும்ப ஆரம்பித்தாள். தேவனால் அதைத் தாங்க முடியவில்லை. முதலாளி மஜீத்துக்கு வாட்ஸ்அப்பில் தட்டினான்: 'வேலையை விடுகிறேன். மன்னிக்கவும்.' தட்டிய விரலில் நேற்றைய பூஜைச் சந்தனம் இன்னும் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

பதில் உடனே வந்தது. 'ஓகே லா.'

எட்டு வருட உழைப்புக்கு மூன்றே எழுத்து! காஞ்சனா அழுகையை நிறுத்திவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளைக் காரில் ஏற்றும்போது, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கமருன்னிசா சாவிக்கொத்து குலுங்க ஓடி வந்தார்.

"என்னா தம்பி இவ்ளோ கூச்சல்?"

"ராடார் ஓடுறப்ப இவ முன்னால நின்னுட்டா அக்கா! வேலையையும் விட்டுட்டேன்!"

கமருன்னிசா விமானத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"எந்த ராடாரு தம்பி? நேத்து ஆயுத பூசைக்கு அந்தப் பொட்டிய நீங்கதானே கழட்டி, பொட்டு வச்சு, ஸ்டோர்ல சாமி படத்துக்கு முன்னால வச்சிட்டுப் போனீங்க!"