பிரபஞ்சம் தெளிவாகும் வரை பச்சைப் பெட்டி அலமாரி மேலேயே

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் இங்கே சௌக்கியம்; என் முழங்கால் மட்டும் தன் போக்கில் இருக்கிறது. நீங்களும் பாப்பாவும், பாப்பா வயிற்றில் இருக்கும் அந்த மூன்றாவது நபரும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும்.

கடந்த சனிக்கிழமை நம் வீட்டில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது என்பதை முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். பாப்பாவின் பிரசவத்துக்காக உங்கள் அத்தை அங்கே கிளம்புவதற்கென்று அலமாரி மேலிருந்து இறக்கப்பட்ட பச்சைப் பெட்டி, மறுபடியும் அலமாரி மேலேயே ஏற்றப்பட்டுவிட்டது. பிரபஞ்சத்தின் நிலவரம் தெளிவாகும் வரை அது அங்கேயே இருக்கும். இது எல்லாக் கோணங்களிலும் யோசித்து எடுத்த முடிவு. நான் முக்காலி மேல் ஏறினேன். உங்கள் அத்தை முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னா சரிதான்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன் எடுத்தால் பாப்பா "அப்பா, அம்மாகிட்ட குடு" என்கிறாள். அம்மா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் வேலை பார்க்கிற அந்தச் சுரங்கத்தில், கண்ணுக்குத் தெரியாத துகள்களை எதிரும் புதிருமாக ஓடவிட்டு மோதவிடப்போகிறார்கள். மோதினால் பிரபஞ்சம் பிறந்த கதை தெரியும் என்று பாதிப் பேர் குதிக்கிறார்கள். கருந்துளை ஒன்று உண்டாகி உங்களில் ஆரம்பித்து எங்களையும் விழுங்கும் என்று மீதிப் பேர் அழுகிறார்கள். டிவியைப் போட்டால் பூமி உருண்டை, பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தண்ணீர் இறங்குகிற மாதிரி சுழன்று சுழன்று ஓட்டைக்குள் போகிறது. அதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ஆயுள் முழுக்கக் குடிநீர் வாரியத்தில் குழாயோடு வாழ்ந்தவன் நான். அதைப் பார்க்கச் சகிக்காமல் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். இப்போது எனக்குச் செய்தித்தாள் மட்டும்தான். அதையும் தரைத்தளத்து 'பிசிக்ஸ்' (ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், நம் கட்டடத்துக்கே அவர் பெயர் அதுதான்) வாங்கி, மாடி மாடியாக எல்லாரும் படித்து முடித்துக் கடைசியாக நான்காம் மாடிக்கு அனுப்புவார்கள். நாலு பேர் சரிபார்த்த பிறகு வருவதால் செய்தியில் பிழை இருக்காது. அதில் சனிக்கிழமை தெளிவாகப் படித்தேன்: 'வருகிற புதன்கிழமை இயந்திரம் ஓடத் தொடங்கும்.'

எங்கள் குடியிருப்போர் சங்கம் இதற்காகவே முன்பு ஒரு கூட்டம் போட்டது. ரிப்பேரான லிஃப்டுக்குப் புது மோட்டார் மாட்டிய கையோடு உலகம் முடிந்துபோனால் மோட்டார் வீண்தானே என்று செயலாளர் கேட்டார். கைதட்டல். லிஃப்ட் வேலை தள்ளிவைக்கப்பட்டது. அன்று படியேறி வந்தவன்தான் நான், முழங்காலை வைத்துக்கொண்டு இன்றுவரை கீழே இறங்கவில்லை. அதே கூட்டத்தில் பிசிக்ஸிடம் நேராகவே கேட்டேன்.

"அந்தக் கருந்துளை எவ்வளவு பெரிசு சார்?"

"தூசியை விடச் சின்னது. உண்டானாலும் உடனே மறைஞ்சிடும்."

"மறையலேன்னா?"

"மறையலேன்னா இந்தக் கேள்வியைக் கேக்க நீங்க இருக்க மாட்டீங்க. அதனால கவலையே வேண்டாம்."

இதைக் கேட்டுக் கூட்டமே நிம்மதியாகிவிட்டது. நான் ஒருவன்தான் ஆகவில்லை.

எனக்குக் கருந்துளை பற்றித் தெரியாது மாப்பிள்ளை. வெள்ளோட்டம் பற்றித் தெரியும். புதுக் குழாயில் முதல் முதலாகத் தண்ணீர் விடுகிற நாளில் எங்கள் ஆட்கள் யாரும் அந்தத் தெருவில் நிற்க மாட்டோம். வடக்கே வால்வைத் திறந்தால் தெற்கே ஒரு வீட்டுச் சமையலறையில் பீறிட்டு அடிக்கும். உங்கள் வீட்டுச் சமையலறைக்கு நேர் கீழே சுரங்கம் போகிறது என்று நீங்கள்தான் பெருமையாகச் சொன்னீர்கள். அந்த ராட்சதக் காந்தங்களைக் குளிர வைக்கிற குழாய்களுக்கு நீங்கள்தானே பொறுப்பு? அதனால் கேட்டுக்கொள்கிறேன்: மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் எடுத்த எடுப்பில் முழுசாகத் திறந்துவிடாதீர்கள். முதலில் காற்றை வெளியேற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். பாப்பாவை அன்று மட்டும் சமையலறைப் பக்கம் விடாதீர்கள்.

உங்கள் அத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, உள்ளுக்குள் ரொம்பவும் பயந்துபோயிருக்கிறாள். இருக்கிற துணியெல்லாம் தினம் ஒரு கூடையாக மூன்றாம் மாடித் தையல்காரம்மா வீட்டுக்குப் போகிறது. ஒன்றும் திரும்பி வந்த பாடில்லை. "உலகம் அழியப்போற நேரத்துல என்னத்துக்கு இத்தனை தையல்?" என்றேன். "அழிஞ்சாலும் கிழிசலோடயா போறது?" என்கிறாள். எனக்கு வாஷிங் மெஷினை ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். மாத்திரை எங்கே, சாவி எங்கே, கேஸ் எங்கே மூடணும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். கேஸில் தப்பு பண்ணிட்டேன், மறுபடி கேட்டாள். நேற்று முழுக்கச் சமைத்து டப்பா டப்பாவாக ஃபிரிட்ஜில் அடுக்கி, செவ்வாய், புதன், வியாழன் என்று ஞாயிறு வரைக்கும் சீட்டு ஒட்டியிருக்கிறாள். புதனோட உலகமே முடியுது, அப்புறம் எதுக்கு வியாழன், வெள்ளின்னு கேட்டேன். "ஒருவேளை மிச்சமிருந்தா சாப்பிடுங்க" என்றாள். பாவம், பயத்தில் கணக்கு குழம்பிவிட்டது.

டிக்கெட் விவகாரத்தையும் முடித்துவிட்டேன். டிக்கெட்காரருக்கு நானே போன் பண்ணி ரத்து செய்யச் சொன்னேன். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் சார்" என்றார். கொடுத்தேன். "ஐயா சொன்னதைக் கேட்டுக்கிட்டீங்கல்ல? நாம முன்னாடி பேசினபடியே செஞ்சிடுங்க" என்று சுருக்கமாக முடித்துவிட்டாள். ஆக, இன்று மாலை அவள் ஏற வேண்டிய விமானம் அவள் இல்லாமலேயே பறக்கும்.

ஊர் ஜனங்களுக்குத்தான் பொறுமை இல்லை. நேற்று பிசிக்ஸ் வாசல் கேட் பக்கத்தில் நின்று பால்கனியில் இருந்த என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். "வாழ்த்துகள் சார்! உங்க மாப்பிள்ளை சாதிச்சிட்டாரு!" இன்னும் சுவிட்சே போடல, அதுக்குள்ள வாழ்த்தாம். "எல்லாம் புதன்கிழமை பார்க்கலாம்" என்று நானும் கத்தினேன். மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய்விட்டார். படித்தவர்களையே இந்த இயந்திரம் இந்தப் பாடு படுத்துகிறது.

அன்று சங்கக் கூட்டம் முடிந்து பிசிக்ஸ் என்னிடம் ஒன்று கேட்டார். "அழிஞ்சா எல்லாரும் ஒரே நேரத்துலதான் அழியப்போறோம். உங்க சம்சாரம் இங்க இருந்தா என்ன, மக வீட்டுல இருந்தா என்ன?" யோசித்துப் பார்த்தேன். பெட்டியை ஏற்றி வைத்தேன்.

பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அம்மா வரமாட்டாள் என்று சொல்ல வேண்டாம். புதன்கிழமை கழிந்து, பூமி இருந்த இடத்தில் இருந்தால், நானே முக்காலி போட்டுப் பெட்டியை இறக்கிவிடுவேன் என்று சொல்லுங்கள். அத்தை இப்போதுதான் "கீழே தையல்காரம்மா வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினாள். போகிற போக்கில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சலெல்லாம் இல்லை என்றேன். "தெரியும்" என்றாள்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, அதற்குத் தேவையான அளவு உலகத்தோடு, நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: இதை மறுநாள் காலை எழுதுகிறேன். ஒட்டின உறையைப் பிரித்துவிட்டேன். நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் தையல்காரம்மா மேலே வந்தார். கையில் செய்தித்தாள், அன்றைய தேதி போட்டது.

"அக்கா ஏர்போர்ட்டுக்குள்ள போயிட்டாங்க ஐயா. போன பிறகு சொல்லச் சொன்னாங்க. இந்தப் பேப்பரையும் மாடி மாடியா சுத்த விடாம நேரா உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாங்க."

"பெட்டி இங்க இருக்கே?"

"என் பெட்டி ஐயா. சிவப்பு."

பேப்பரைப் பார்த்தேன். இயந்திரம் போன புதன்கிழமையே ஓடத் தொடங்கி நன்றாக ஓடுகிறதாம். எல்லாரும் கைதட்டுகிற படம் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. உங்களுடையது என்று நினைக்கிறேன். மெதுவாகத் திறந்ததற்கு நன்றி. நான் எந்தப் புதன்கிழமைக்குப் பயந்துகொண்டிருந்தேன் என்று இன்னும் விளங்கவில்லை. மேலே எழுதியதில் சௌக்கியம் விசாரித்ததைத் தவிர மற்றதை விட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அத்தை வந்து சேர்ந்திருப்பாள். பாப்பாவை இனிச் சமையலறையில் விடலாம்.

இன்று காலை பால்கனியிலிருந்து பால்காரரைக் கூப்பிட்டு, இனிமேல் ஒரு பாக்கெட் போதும் என்றேன். அம்மா போன வாரமே சொல்லிவிட்டார்களாம். வாசலில் ஒன்றுதான் இருந்தது.