மொட்டை மாடிக்கு ஏறிய சோறு

சோறு போட்டே ஒரு தெருவைப் பகைத்துக்கொண்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அவருக்கு மேல்வீட்டில் குடியிருக்கிறேன்.

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் கேண்டீன். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் தலைமைச் சமையல்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் சிலிண்டர் போட வருகிறவன்கூட ‘கேண்டீன் சார்’ என்றுதான் கூப்பிடுவான். ஆள் குள்ளம், குரல் நீளம், கோபம் அதைவிட நீளம். காலையில் பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழிக்கும்போதே அன்றைய வசவு தொடங்கிவிடும். பாலுக்கு, பால்காரனுக்கு, கறந்தவனுக்கு, கடைசியில் அந்த மாட்டுக்கு.

அவர் விடியும் முன் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வரும் வரையில் இதெல்லாம் எங்களுக்குத் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. பிறகு ஊரடங்கு வந்தது. வீட்டிலேயே இருங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். யார் வீட்டில் யாரோடு என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஊரே கைவேலையில் இறங்கிய காலம் அது. என் மனைவி சுமதி கண்ணில் பட்ட காலி பாட்டிலுக்கெல்லாம் வண்ணம் பூசினாள். நல்லெண்ணெய் பாட்டிலில் மயில், இருமல் மருந்து பாட்டிலில் பௌர்ணமி. எனக்குக் குக்கரின் அடியில் உப்பைக் கொட்டி கேக் சுடுகிற வேலை. வெயில் ஜன்னல் வழியே வந்து அடுப்படியில் குந்திக்கொண்டு எழுந்து போக மறுத்த ஒரு பகலில், வெந்துவிட்டதா என்று கேக்கில் குச்சியைக் குத்தினேன். குச்சி உடைந்தது. வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் கேண்டீன்.

“இன்னா சார் இது, அஸ்திவாரம் போடப் போறியா?”

அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் எனக்கு முழுசாக இறங்கவில்லை.

ஆனால் அவருடைய பாடு என்னுடையதைவிட மோசம். அவருக்குத் தெரிந்த மிகச் சிறிய எண்ணிக்கை நூறு. வீட்டில் இருந்ததோ அவரும் அவர் மனைவி தனம் அக்காவும் மட்டும். நூறு பேருக்கான கணக்கை இரண்டு பேருக்கு வகுத்துப் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து என்னிடம் கத்தினார்.

“கால் வெங்காயம், முக்கால் மொளகான்னு வருது சார். முக்கால் மொளகாய எவன் போடுவான்? மீதி காலை இன்னா பண்றது, காதுல சொருகிக்கறதா?”

அதனால் வகுப்பதை விட்டுவிட்டார். தனம் அக்காவின் கல்யாணச் சீராக வந்து பரணில் கிடந்த அண்டா கீழே இறங்கியது. துடுப்பு மாதிரி ஒரு கரண்டி. மத்தியானம் விசில் ஊதுவார். தெரு தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும். முதல் நாள் எல்லாரும் சிரித்துக்கொண்டு வந்தோம். இரண்டாம் நாள் நன்றி சொல்லிக்கொண்டு வந்தோம். மூன்றாம் நாள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டோம். அவர் ஒவ்வொரு கேட்டையும் கரண்டியால் தட்டினார்.

“உள்ள கீறது தெரியுது. டிவி சத்தம் கேக்குது. தட்ட எட்துகினு வா.”

எதிர்வீட்டு ஆட்டோக்கார பாபு ஜன்னலில் தலையை மட்டும் காட்டிக் கும்பிட்டான். “அண்ணாத்தே, காலைல துன்னதே தொண்டைல கீது.”

“அது நாஷ்டாடா. இது சாப்பாடு. ரெண்டுக்கும் இன்னாடா சம்மந்தம்?”

இதில் இன்னொரு கொடுமை, ‘நீட்டுவது’. கேண்டீனில் ஆள் கூடிவிட்டால் சாம்பாரில் வெந்நீர் ஊற்றி நீட்டுவார்களாம். சோறு தீர்ந்துபோய் ஒருத்தன் வெறும் தட்டோடு திரும்பிப் போவதைப் பார்க்கிற பயம் அவர் கையிலேயே ஏறியிருந்தது. ஆள் கூடினாலும் கூடாவிட்டாலும் கை தானாகப் போய் வெந்நீரை எடுக்கும். அவர் கண்ணில் பட்ட எந்தக் குழம்பும் கெட்டியாகப் பிழைத்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் தனம் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. சொந்த அடுப்படியிலிருந்து துரத்தப்பட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து ஒயர் கூடை பின்னிக்கொண்டிருந்தார். எப்போதும் பின்னுகிறவர்தான். ஆனால் அந்த நாட்களில் முடிச்சு முடிச்சாகக் கோபத்தை இறுக்கி அவர் பின்னிய கூடைகளில் தண்ணீர் ஊற்றினாலும் நிற்கும்.

ஒரு காலையில் மீன்காரர் மொபெட்டில் தெருவுக்குள் வந்துவிட்டார். தனம் அக்கா நெத்திலி வாங்கினார். யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் போனார், கதவைச் சாத்தினார், மண்சட்டியை ஏற்றினார். அந்தக் குழம்பின் வாசனை முதலில் படிக்கட்டில் ஏறியது, பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்தது, பிறகு என் சட்டைக்குள் வந்தது. சுருங்கிச் சுருங்கி எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நின்ற நேரத்தில், அக்கா அப்பளம் எடுக்கப் பின்பக்கம் போனார். கேண்டீன் உள்ளே வந்தார். சட்டியின் அடியில் குழம்பு கொஞ்சமாகக் கிடந்ததைப் பார்த்தார். செம்பில் வெந்நீரை எடுத்து ஊற்றிவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு எல்லாம் கேட்டது. தெருவுக்கும் கேட்டது.

“இன்னாய்யா பண்ண?”

“கொஞ்சமா கீதேன்னு நீட்டி வுட்டேன்.”

“ரெண்டு பேருக்கு வச்ச கொயம்புய்யா அது.”

“யாராச்சும் வந்துட்டா?”

“யாரு வருவா? ஊரே பூட்டிக் கீது.” அக்காவின் குரல் தாழ்ந்தது. “கட்டிகினு வந்த நாள்லேந்து ஆக்கிப் போடறேன். நல்லா கீதுன்னு சொல்ல வேணாம். நல்லால்லன்னாவது சொன்னியா? வாயில இன்னா போவுதுன்னே தெரியாம துன்னுட்டு எய்ந்து போவ. இப்ப வந்து தண்ணி ஊத்துற.”

அடுப்பை அணைத்தார். ஒற்றை பர்னர் ஸ்டவ், பாய், ஒயர் கட்டு. மூன்றையும் எடுத்துக்கொண்டு படியேறி, எங்கள் வீட்டைத் தாண்டி மொட்டை மாடிக்குப் போனார். அங்கே குளியலறையோடு ஓர் அறை உண்டு. அலுவலக வேலைக்கென்று நான் பிடித்து வைத்திருந்த அறை. என் கணினியை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டைவிட்டுப் போகும் மனைவிகளுக்குப் பேருந்து ஓடாத காலம். போன தூரம் இரண்டு மாடிப்படி. ஆனால் கேண்டீனின் முகத்தைப் பார்த்தால் அக்கா காசிக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

“போவட்டும். பசிச்சா தானா எறங்கி வருவா” என்றார் என்னிடம். பிறகு, “நீ இன்னாத்துக்கு ரூமைக் காலி பண்ணிக் குடுத்த?” என்று என்மேல் பாய்ந்தார். அறை இழந்தவன் நான், வசவும் எனக்கு.

அக்கா இறங்கவில்லை. ஐந்தாறு நாளில் காய்ச்சல் வந்தது. மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்துவிட்டு, அந்தத் தொற்றுதான், அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். கேண்டீனுக்கும் எங்களுக்கும் இல்லை. பரிசோதனைக்கு வந்த பெண் விவரம் கேட்டுவிட்டு, “சண்டை போட்டதால தப்பிச்சீங்க சார்” என்று கேண்டீனிடம் சொன்னார். அதற்கும் கோபம்.

அக்காவுக்கு எழுந்து நின்று சமைக்கத் தெம்பில்லை. சுமதி தான் சமைத்துத் தருவதாகச் சொன்னாள். கேண்டீன் மறித்தார். “என் பொண்டாட்டிக்கு நான் போடுவேன்.” அப்போது மாடியிலிருந்து துணி காயப்போடும் கயிறு ஒன்று சரசரவென்று இறங்கியது. நுனியில், தண்ணீர் நிற்கும் அந்தக் கூடைகளில் ஒன்று.

முதல் நாள் ஒரு வாளி ரசம் சாதம் கொண்டுவந்து வைத்தார். அக்கா கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

“நான் ஒருத்திய்யா. எனுக்கு பந்தி போடாத.”

அடுத்த நாள் தூக்கு வந்தது. கூடை ஏறியது, அப்படியே இறங்கியது. மூடிகூடத் திறக்கவில்லை. தெருவில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன.

“இன்னா, துன்னல?”

“கேக்க வேண்டியத கேளு.”

“இன்னாத்த கேக்கறது?”

“ஒனுக்கே தெரியும்.”

கேண்டீன் தரையைப் பார்த்தார், பாபுவைப் பார்த்தார், என்னைப் பார்த்து முறைத்தார். பிறகு ஏதோ முணுமுணுத்தார்.

“கேக்கல” என்றது மாடி.

“எப்டி கீது?” அந்தக் குரல் தெருமுனை மளிகைக்கடை வரைக்கும் போயிருக்கும்.

கூடை மேலே ஏறியது. ஒரு வாய் சாப்பிடும் நேரம் தெருவே காத்திருந்தது.

“உப்பு இல்ல.”

அன்றிலிருந்து வேளைக்கு ஒரு விசாரணை, வேளைக்கு ஒரு தீர்ப்பு. புளி ஏறிட்ச்சு. மொளகு தூக்கல். சோறு கொழைஞ்சி போச்சு. அவர் உள்ளே போய் மிளகைத் திட்டுவார், அடுப்பைத் திட்டுவார், பாத்திரம் பறக்கிற சத்தம் கேட்கும்; அரை மணியில் மறுபடி கூடைக்கடியில் நிற்பார். தூக்கு போய்க் கிண்ணம் வந்தது, கிண்ணம் போய் டம்ளர் வந்தது. அண்டா பரணுக்கே திரும்பிவிட்டது. ஒரு நாள் எங்கள் கதவைத் தட்டி, “டீ ஸ்பூன் கீதா? என் ஊட்ல எல்லாம் கரண்டியா கீது” என்று சண்டைக்கு வந்தவர் மாதிரி கேட்டார். இன்னொரு நாள் டம்ளரை நீட்டி என்னையே ருசி பார்க்கச் சொன்னார். மிளகு ரசம். சொன்னால் நம்புங்கள், அப்படி ஒரு ரசத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.

“ஒன்ன யாரு கேட்டா? அது கேக்கு சுட்ட நாக்கு.”

பிறகு ஒரு மத்தியானம் கூடை இறங்கவில்லை.

டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் அவர் தலையில் நின்றது. கயிறு அசையவில்லை. மேலிருந்து “யோவ்” என்ற குரலும் இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் நெடுஞ்சாலைப் பக்கம் அழுதுகொண்டே ஓடும் நாட்கள் அவை. அதைக் கேட்காத காது எங்களிடம் இல்லை.

“தனம்” என்றார்.

அவர் அந்தப் பெயரைச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. ‘இந்தா’ என்பார், ‘ஏ’ என்பார். இரண்டாம் முறை கத்தியபோது குரல் நடுவில் பிளந்தது. டம்ளரைக் கீழே போட்டுவிட்டுப் படியில் பாய்ந்தார். நான் குறுக்கே நின்று, உள்ளே போகக்கூடாது என்றேன். தள்ளிய வேகத்தில் என் முதுகு சுவரில் மோதியது. மேலே போய்க் கதவை அவர் இரண்டு கையாலும் அறைகிற சத்தம், பிறகு ஜன்னல் திறக்கிற சத்தம்.

“தூங்கிட்டேன்யா. மாத்திரை போட்டேன், அசந்துட்டேன். இன்னாத்துக்கு இப்டி கத்துற?”

மாடியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார் கேண்டீன். என்னைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தார். என்னை, என் கேக்கை, என் கணினியை, என் பாட்டன் பூட்டனை. மூச்சு வாங்கும் வரை திட்டினார். கண்ணீரை வேறு எப்படி இறக்குவது என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் மறுபடி டம்ளர் ஏறியது. “எப்டி கீது?” என்றார். அன்றைக்கு அது கத்தல் இல்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டார். மாடிக்குக் கேட்டிருக்க வழியில்லை. கேட்டிருந்தது.

“சரியா கீது.”

தலையை ஆட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருட்டும் வரை பாத்திரம் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு பாத்திரம் அந்த வீட்டில் கிடையாது.

குணமாகி இறங்கிய அன்று அக்கா எங்கள் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். சுமதி கேட்டாள்: “முதல்ல உப்பு இல்லன்னீங்களே, நிஜமாவே அவர் உப்பே போடலையா அக்கா?”

“யாருக்குத் தெரியும்? காய்ச்ச வந்த அன்னிக்கே நாக்கு செத்துப்போச்சு. கருவாட்டுக்கும் கற்பூரத்துக்கும் வித்தியாசம் தெரில. அவரு போட்டது உப்பா மண்ணான்னு எனுக்கு இன்னா தெரியும்?”

“அப்புறம் ஏன் தினம் குறை சொன்னீங்க?”

“கேக்கட்டும்னுதான். வாயத் தொறந்து கேக்கட்டும். தெருவுக்கே கேக்கற மாதிரி கேக்கட்டும்.” அக்கா ஒயரை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். முன்னைவிட இளகிய முடிச்சு. “அன்னிக்கு பேரு சொல்லிக் கூப்ட்டுட்டாரு. போதும்னு வுட்டுட்டேன்.”

தொழிற்சாலை திறந்து, கேண்டீன் வேலைக்குப் போக ஆரம்பித்து வெகுநாளாகிறது. இப்போது இரவு வந்து சாப்பிட உட்கார்ந்தால், குழம்பில் காரம் போதாது, பொரியல் கருகிவிட்டது என்று தினமும் கத்துகிறார். அக்கா அதைவிடச் சத்தமாகப் பதில் கத்துகிறார். எங்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

எனக்கும் அவருக்கும் தண்ணீர் மோட்டார் விஷயத்தில் வாரம் ஒரு சண்டை உண்டு. ஒவ்வொரு சண்டையிலும் மார்பில் அடித்துக்கொண்டு சொல்வார்: “சொம்மா பேசாத சார். என் ஊட்டுக்காரி நாக்கு இன்னா நாக்கு தெரியுமா? அந்த நாக்கையே சரியா கீதுன்னு சொல்ல வச்சவன் நானு.” ஒரே வாக்கியத்தில் அந்த மனிதரைச் சாய்த்துவிடலாம். என் வாய் திறக்கும், வாக்கியம் பல் வரைக்கும் வரும். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்ப்பேன். ஒன்றும் சொல்லாமல் போய் மோட்டாரை நிறுத்திவிடுவேன்.