மேஸ்திரியைத் திட்டிய மிளகுக்காரர்

நூற்பு மில்லின் இரைச்சலைத் தொண்டையாலேயே தோற்கடித்த மனிதர் இந்த உலகத்தில் எங்கள் மிளகுக்காரர் ஒருவர்தான். கொல்லிமலைப் பாதையில் அவர் தும்மினால், அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளும்.

வெள்ளைக்காரன் காலம். மலைமேல் இருக்கும் திண்ணனூர் நாட்டிலிருந்து மிளகைச் சுமந்து வந்து, பண்ணையக்காரரான எங்கள் அப்பாவிடம் கொடுத்துவிட்டு நெல் வாங்கிப் போவார். அவர் மகன் பழனிக்கு மூட்டை தூக்கப் பிடிக்கவில்லை. சேலத்து மில்லில் மெஷினுக்கு எண்ணெய் விடப் போனவன், சில வருடங்களில் மேஸ்திரி ஆகிவிட்டான். நானோ பரீட்சையில் மூன்று முறை தோற்றேன். கிணறும் வற்றியது. அப்பா என்னையும் அதே மில்லுக்கு அனுப்பினார், பழனிக்குக் கீழே.

ஒருநாள் மிளகுக்காரர் மகனைப் பார்க்கப் பலாப்பழத்தோடு வந்தார். வாசல் காவலாளிக்கு ஒரு கை மிளகு கொடுத்துவிட்டு நேராக உள்ளேயே வந்துவிட்டார். அன்றைக்கென்று நான் ஒரு மெஷின் பெல்ட்டைத் தப்பாக மாட்டி அறுத்திருந்தேன். பழனி என்னைத் திட்டிக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் யார் பேசினாலும் வாயசைவை வைத்துத்தான் புரிந்துகொள்வோம். மிளகுக்காரர் பேசியது மட்டும் கேட்டது.

"டேய் பழனி, ஆரை வையறே? அவங்க ஊட்டு நெல்லுச்சோறு தின்னு வளந்தவன்டா நீ."

நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பழனி அவர் காதருகே போய், "அப்பா, இங்க இவரு எனக்குக் கீழுங்க" என்றான்.

"அப்ப நீ அவருக்கு மேலயா?"

பழனி தலையாட்டினான்.  மிளகுக்காரர் பலாப்பழத்தை என்னிடம் தந்துவிட்டு, அறுந்த பெல்ட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதை எங்க போடோணும், சொல்லுங்க மேஸ்திரி" என்று மகனிடம் பணிவாகக் கேட்டார்.

பெல்ட்டை அறுத்தவனுக்கு அன்றோடு வேலை போய்விடும். பழனி மானேஜரிடம், "பழைய பெல்ட்டுங்க, தானா அறுந்துபோச்சு" என்று சொல்லிவிட்டான். இதைச் சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவே இல்லை.

பொங்கலுக்கு எங்கள் இருவரையும் மிளகுக்காரர் மலைக்கு அழைத்தார். வீட்டில் உட்கார இருந்தது ஒரே ஒரு பலகை. மேஸ்திரிக்குப் போடுவதா, பண்ணையக்காரர் மகனுக்குப் போடுவதா? பலகையோடு என் பக்கம் இரண்டு தரம், பழனி பக்கம் இரண்டு தரம் வந்தார். சாமைச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் நடுவில் போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டு பேரும் சின்னப் பசங்க. கீழ உக்காந்து தின்னுங்க கண்ணு."

இரண்டு இலைகளிலும் ஒரே அளவாகத் தேன் ஊற்றினார். நான் குனிந்து சாப்பிடும்போது என் தலையை ஒருமுறை தடவிவிட்டார். என் அப்பாகூட அப்படிச் செய்ததில்லை.