உபரி முந்நூற்று அறுபது கிராம்

பால் ஒரு நீர்மப் பொருள் என்பதை அரசாங்கம் என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் இந்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நீர்மப் பொருளையும் எடையில் மட்டுமே ஒப்புக்கொள்வது என்று மேலிடம் முடிவெடுத்துவிட்டது.

இலுப்பூர்ப் பக்கத்தில் ஒரு மாணவியர் விடுதி. அங்கே சமைக்கிற அமிர்தவல்லி பதினொரு வருசமாகத் தற்காலிகம். நிரந்தர ஆணை தயார். இருப்பு சரியாக இருக்கிறது என்று ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அந்தக் கையெழுத்து, எடைமாற்றக் கண்காணிப்பு அலுவலர் சூர்யபிரகாஷின் வடிவத்தில் ஜீப்பிலிருந்து இறங்கியது.

"எத்தனை லிட்டர் வாங்குனீங்க?"

"பன்னெண்டு சார். அறுவது பிள்ளைங்க, ஆளுக்கு ஒரு டம்ளர்."

தராசில் ஏற்றினார். அண்டாவின் எடையைக் கழித்தார். பன்னிரண்டு கிலோ முந்நூற்று அறுபது கிராம். அவர் முகம் சுண்டிப்போனது.

"முந்நூத்தி அறுவது கிராம் கூடுதலா இருக்கேம்மா. எங்கேருந்து வந்துச்சு?"

"பாலு கொஞ்சம் கனமா இருக்கும்ல சார்."

"ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. ஆப்புல அப்படித்தான் இருக்கு." செல்லை நீட்டினார். திரை சிவப்பாக எரிந்தது.

கேனைக் கழுவிக்கொண்டிருந்த பால்காரர் ஆண்டியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், கனமா இருந்தா நல்ல பாலுன்னு அர்த்தம். என் மாட்டை வந்து பாருங்க."

"மாட்டை எல்லாம் சாட்சியா சேர்க்க முடியாதுங்க. கொறைஞ்சா திருட்டு, அதுக்கு விதி இருக்கு. கூடுனா என்னன்னு விதியே இல்ல. அதான் எனக்கே பயமா இருக்கு."

கடைசியில் வழி பிறந்தது. அதிகப்படியான முந்நூற்று அறுபது கிராமை 'உபரி' என்று தனிப் பாத்திரத்தில் ஊற்றி அரசிடம் ஒப்படைப்பது. ஊற்றினார்கள். தராசு பன்னிரண்டு கிலோ காட்டியது. அமிர்தவல்லி மூச்சுவிட்டாள். அதற்குள் லிட்டர் கணக்கையும் சரிபார்க்கச் சொன்னது ஆப். அளந்தால் முந்நூற்றைம்பது மில்லி குறைகிறது.

"தண்ணி ஊத்துங்க."

"சார், பதினொரு வருசத்துல ஒரு சொட்டு ஊத்துனதில்ல."

"அது தற்காலிகமா இருந்தப்பம்மா."

ஊற்றினாள். லிட்டர் சரியானது. எடை மறுபடி கூடியது. உபரியை எடுத்தார்கள், லிட்டர் குறைந்தது. தண்ணீர் ஊற்றினார்கள், எடை கூடியது.

"இப்படியே போனா நான் பென்ஷன் வாங்கிருவேன்," என்றார் சூர்யபிரகாஷ். "பாதி பாதியா எடுங்க."

ஆறு லிட்டர் வாளி வந்தது. ஒரு வாளி பால் உபரிக்குப் போனது, ஒரு வாளி தண்ணீர் குழாயடியிலிருந்து வந்தது. ஐந்தாவது வாளியில் எடை பன்னிரண்டு கிலோ பதினொரு கிராமில் வந்து நின்றது. அந்தப் பதினொரு கிராமை அரசின் கருணையாக விட்டுக்கொடுத்தார். திரை பச்சையானது.

"இம்புட்டுத்தான்மா. மத்த முப்பத்தாறு விடுதியிலயும் மொத தடவையே பச்சை விழுந்துச்சு. நீங்கதான் என்னை இழுத்தடிச்சிட்டீங்க."

முப்பது லிட்டர் உபரி ஜீப்பில் ஏறியது. சாயங்காலம் அறுபது பிள்ளைகளும் டம்ளரின் அடியில் பொறித்திருந்த விடுதியின் பேரை வாசித்துக்கொண்டே குடித்தார்கள்.

பத்தே நாளில் பாராட்டுச் சான்றிதழ் வந்தது: 'பன்னிரண்டு லிட்டர் கொள்முதல் செய்து முப்பது லிட்டர் உபரியை அரசிடம் ஒப்படைத்த முன்மாதிரி விடுதி.' இதை எப்படிச் சாதித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மற்ற விடுதிகளும் இதைப் பின்பற்றும்படி இன்னொரு சுற்றறிக்கைதான் போனது. சான்றிதழோடு நிரந்தர ஆணையும் ஒரே உறையில் இருந்தது. அமிர்தவல்லி அதை மூன்று தடவை படித்தாள். அழுகை வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஆண்டியப்பன் வழக்கம்போலக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஆத்தா, அண்டாவை இங்கிட்டு வையி. இன்னைக்குக் கன்னு போட்ட மாட்டுப் பாலும் சேந்திருக்கு, இன்னும் நல்லா இருக்கும்."

அமிர்தவல்லி அண்டாவைத் திறந்து காட்டினாள். குழாயடியிலிருந்து பிடித்து வைத்தது, விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது.

"பாலு வேணாம்ணே," என்றாள். "எடை கூடிரும்."