லிஜா அக்காவின் கண் பிரஷரும் அம்மாவின் சாட்சியும்

குலசேகரம்,
2011 ஆகஸ்ட்

தோஹாவின் வெயிலோடு மல்லுக்கட்டும் அன்புள்ள குமாரதாஸ் மாமாவுக்கு, ஜெனிலா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். சுகமில்லாததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். போன் அம்மாவின் மடியில் இருக்கிறது. நீங்கள் "மக்களே, சுகமா?" என்று கேட்டு, நான் "ம்" சொல்வதற்குள் அந்த "ம்"மையும் அம்மாவே சொல்லிவிடுவாள்.

நீங்கள் ஏற்பாடு செய்து, திருவனந்தபுரத்தில் லேசர் வைத்து லிஜா அக்காவின் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றினோம் அல்லவா? கண்ணில் ஆபரேஷன் செய்த பெண் என்று தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று அம்மா எங்கள் வாயைக் கட்டினாள். அடுத்த ஞாயிறு சபையில், "லிஜாவுக்கக் கண்ணாடி எங்க?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் வானத்தை மட்டும் பார்த்தாள். அதை அவர்கள் அற்புதம் என்று எடுத்துக்கொண்டார்கள். போதகர் ஐயா சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது மறுப்பது மரியாதை இல்லை என்று அம்மா மைக்கை வாங்கிவிட்டாள். அந்தச் சாட்சியைக் கேட்டுத்தான் நேசபாய் மாமி, "அற்புதம் நடந்த வீட்டுலதான் மொவனுக்குப் பெண்ணெடுக்கணும்" என்று வந்து சம்மந்தம் பேசினார்கள்.

போன வாரம் சபையில் கண் முகாம். கண் பிரஷர் கூடி அப்பாவின் இடதுகண் முக்கால்வாசி போனது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். "கண்ணுல ஏதாவது ஆபரேஷன் செஞ்சிருக்கா?" என்று அக்காவிடம் கேட்டார். பின்னால் நேசபாய் மாமி நிற்கிறார்கள். அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா, "ஒண்ணும் இல்ல டாக்டரே, கர்த்தருக்கக் கை மட்டும்தான் பட்டிருக்கு" என்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன். "ஏட்டி, சும்மா இரி" என்று காலை மிதித்தாள். மிதிக்காவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் அளந்து, "பதினெட்டு, நார்மல்" என்றார் டாக்டர். தகப்பனுக்குள்ள கேடும் பிள்ளையைத் தொடவில்லை என்று அம்மா அங்கேயே இரண்டாவது சாட்சியைத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் மாமா, லேசர் செய்த டாக்டர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். கருவிழியைச் செதுக்கி மெல்லிசாக்கியிருக்கிறது, பிரஷர் பார்க்கும் கருவி அதை அமுக்கித்தான் அளக்கும், மெல்லிசானது சீக்கிரம் அமுங்குவதால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், ஆகவே யார் பார்த்தாலும் லேசர் செய்ததைச் சொல்ல வேண்டும் என்று. அம்மா தலையாட்டிய ஆட்டில் டாக்டருக்கே திருப்தி. ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கும் புரிந்தது. ரப்பர் ஷீட் அடிக்கிறேன்லா? கனத்த ஷீட் விரலை எதிர்த்து நிற்கும், மெல்லிசு உடனே குழியும். அதற்காக என் விரலுக்குப் பலம் வந்துவிட்டது என்று நான் சாட்சி சொல்ல முடியுமா?

அக்காவிடம் சொன்னேன். "தெரியும்ட்டி. கல்யாணம் முடியட்டு, பொறவு பாப்பம்" என்கிறாள். அப்பாவும் அப்படித்தான் "பொறவு பாப்பம்" என்றார், இப்போது ஒரு கண்ணால் பார்க்கிறார். அம்மாவிடம் சொன்னால், "விசுவாசம் இல்லாத பிள்ள" என்கிறாள். அதனால் நீங்களே அம்மாவைக் கூப்பிட்டு, உங்களுக்கே தோன்றியதுபோல, லேசர் விஷயத்தைச் சொல்லி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். என் பெயர் வரவே கூடாது. எனக்கு நாலு பேர் முன்னால் நிற்கவே நடுக்கம்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம். உங்களுக்கும் உங்கள் அறையின் ஏசிக்கும் கர்த்தர் பெலன் தருவாராக.

இப்படிக்கு,
சத்தமில்லாத மருமகள்
ஜெனிலா

பின்குறிப்பு: மாமா, போன் செய்ய வேண்டாம். வெளிநாட்டுக்கு எவ்வளவு ஸ்டாம்பு என்று தபால் ஆபீசில் கேட்க வெட்கப்பட்டு கடிதம் வீட்டிலேயே கிடந்தது. ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, "வேற யாராவது சாட்சி உண்டுமா?" என்று போதகர் ஐயா கேட்டதும் என் கை தானாக உயர்ந்துவிட்டது. மைக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். நேசபாய் மாமி எழுந்து நேரே அக்காவிடம் போனார்கள். "ஏ பிள்ள, நீ கண்ணாடி போட்டவளா இருந்தா எனக்கென்ன? கண்ணு போனவளாவா எனக்க வீட்டுக்கு வரப்போற? நாளைக்கு முதல் பஸ்சு, நானும் வாறேன்" என்றார்கள். திருவனந்தபுரத்தில் கருவிழியின் கனத்தையும் அளந்து, வேறு கருவியாலும் பார்த்தார்கள். பதினெட்டு இல்லை, நன்றாகவே கூடுதல். நரம்பு இன்னும் கெடவில்லை, சொட்டுமருந்து தொடங்கியாச்சு. கல்யாணமும் உண்டு. அம்மா இப்போது வரும் ஞாயிறுக்குத் தயாராகிறாள்: "வாயே திறக்காத எனக்க இளைய மொவ, கர்த்தர் தொட்டதும் மைக்குல பேசினா!"

இந்த அற்புதத்தை மட்டும் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.